பையனுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்

என் அக்கா வீட்டுக்காரரை வேலை செய்யும் இடத்தில் ரிவர்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பெட்டிகளை உயரமாகத் தூக்கிக்கொண்டால் முன்னால் ஒன்றும் தெரியாது. அதனால் பாதி நாள் பின்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். கழுத்தைத் திருப்பித் திருப்பியே பழகி, வீட்டில் டிவி பார்க்கும்போதுகூடத் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இத்தனை வருடம் ஓட்டிய தூரத்தைச் சேர்த்தால் நாலைந்து நாடு தாண்டியிருக்கலாம். மனிதர் குடோன் கேட்டைத் தாண்டியதில்லை.

நான் அவரை அத்தான் என்பேன். தங்கமான மனிதர், ஆனால் கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம். தைத்து வந்த சட்டை தொளதொளவென்று இருந்தால் திருப்பிக் கொடுக்க மாட்டார், அதையே போட்டுக்கொண்டு திரிவார். ஹோட்டலில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றாலும் வந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு லாரி ஓட்டும் விளையாட்டின் மேல் ஆசை வந்தது குடோன் வாட்ச்மேனால். வாட்ச்மேன் அறையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் அதில் அவர் லாரி ஓட்டுவார். ஒருநாள் அத்தானையும் உட்கார வைத்திருக்கிறார். நீளமான ரோடு, மழை, வைப்பர் ஆடுகிறது, ஒரு மலையைச் சுற்றி இறங்கினால் கடல். பின்னால் பார்க்க வேண்டியதே இல்லை. வீட்டில் இதைச் சொல்ல அவருக்கு ஒரு மாதம் ஆனது. ஐம்பது வயதை நெருங்கும் ஆளுக்கு விளையாட்டுச் சாமானா என்று அக்கா சிரிப்பாள் என்று பயந்திருக்கிறார். அக்கா சிரிக்கவில்லை. ஆசைப்பட்டால் வாங்க வேண்டியதுதானே என்று தன் சேமிப்பிலிருந்து ஒரு பங்கையும் எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தொகைக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு வரம்பும் போட்டாள். என்னிடம் வேன் இருப்பதால் பெட்டிகளைத் தூக்கி வர நானும் கூடப் போனேன்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, குறுகலான படியேறிப் போகும் கம்ப்யூட்டர் கடை அது. உள்ளே இரண்டு காலேஜ் பையன்கள் ஒரு கம்ப்யூட்டர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் மூடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தான் சொன்ன விளையாட்டின் பெயரைக் கேட்டு இரண்டு பேரும் திரும்பி, தொளதொளச் சட்டையிலிருந்து செருப்பு வரை அவரை அளந்தார்கள். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, யாருக்கு சார் என்று கேட்டார்.

"பையனுக்கு," என்றார் அத்தான்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவுக்கும் அவருக்கும் குழந்தை இல்லை. ஒரு காலத்தில் அதற்காக ஏறாத ஆஸ்பத்திரி கிடையாது. பிறகு ஏறுவதை நிறுத்தினார்கள், அதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்தினார்கள்.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் கம்ப்யூட்டருக்குச் சாமான் பொறுக்குவது அப்படி முடிகிற காரியமில்லை. யார் உட்காரப்போகிறார்கள், எவ்வளவு நேரம், எதற்கு என்பதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் பொறுப்பானவர், கேட்டுக்கொண்டே போனார். பையன் என்ன படிக்கிறான் என்றார். பத்தாவது என்று அத்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னார். கண்ணாடி போட்டிருக்கிறானா என்றார். இல்லை என்றார். கேபினெட்டில் கலர் கலராக லைட் எரிய வேண்டுமா என்றதற்கு, அவனுக்கு அந்தப் பகட்டெல்லாம் பிடிக்காது என்றார். இப்படி ப்ராசஸருக்கு ஒரு பதில், ரேமுக்கு ஒரு பதில், மானிட்டருக்கு ஒரு பதில் என்று அரை மணி நேரத்தில் பையன் வளர்ந்து நின்றான். கணக்கில் கெட்டி, கொஞ்சம் பிடிவாதம், சத்தம் போட்டுப் பேச மாட்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போதும், வாங்க போகலாம் என்று கையைப் பிடித்து இழுக்கத் தோன்றியது. ஆனால் அவர் குரலைக் கேட்டபோது இழுக்க மனம் வரவில்லை.

கடைசியில் கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டு ஓடுவதே அதில்தான். பணத்தில் பெரிய பங்கு அதற்குத்தான் என்று வாட்ச்மேன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். கடைக்காரர் கார்டை எடுத்து மேசையில் வைத்தார், பிறகு தானே தள்ளி வைத்தார்.

"சார், எனக்கும் பத்தாவது படிக்கிற பொண்ணு இருக்கா. அனுபவத்துல சொல்றேன், இப்ப கார்டு வேண்டாம். பரீட்சை முடியட்டும். இதுல அவன் பாட்டுக்குப் படிக்கட்டும், படம் பாக்கட்டும். பவர் சப்ளை மட்டும் நல்லதா போட்டுடறேன், அப்புறம் வந்து கார்டு மாட்டிக்கலாம்."

அத்தான் என்ன சொல்ல முடியும்? பெற்ற பையன் படிப்பைக் கெடுக்கிற அப்பாவாக அந்தக் காலேஜ் பையன்கள் முன்னால் நிற்க முடியுமா? சரி என்று தலையாட்டினார். எந்தக் கார்டுக்காக வந்தாரோ அதை இல்லாத பையனின் பரீட்சைக்காக விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இறங்கினார். படியில் என்னிடம், "உங்க அக்காகிட்ட சொல்லிடாதே," என்றார். காதெல்லாம் சிவந்திருந்தது.

வீட்டில் லாரி ஓடவில்லை என்று சொல்ல முடியாது, நொண்டியது. ரோடு துண்டு துண்டாக வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி யோசித்துத் திரும்பியது, அதற்குள் மரத்தில் மோதியிருக்கும். அத்தான் வாய் திறக்காமல் அதையே ஓட்டினார், தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பின்னால் நின்று பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். எது ஒன்று சரியில்லை என்றாலும் விடமாட்டாள். ஏன் இப்படி விக்குகிறது என்று கேட்டு, கார்டு போடவில்லை என்பதைக் கறந்துவிட்டாள். உங்களைப் பார்த்ததும் ஏமாளி என்று தெரிந்து எவனோ தலையில் கட்டிவிட்டான், கிளம்புங்கள், நானே வந்து கேட்கிறேன் என்றாள். வேறு கடைக்குப் போகலாம் என்று அத்தான் சொல்லிப் பார்த்தார். செய்தவனிடமே கேட்பதுதான் முறை என்றாள். வேன் ரிப்பேர் என்று சொல்லச் சொல்லி அத்தான் எனக்கு போன் செய்தபோது, அக்கா ஏற்கெனவே கூப்பிட்டு நான் அவர்கள் வாசலில் நின்றிருந்தேன்.

படியேறும்போது அவர் கடைசியாக வந்தார். நானாவது முன்கூட்டியே அக்காவிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கடைக்காரர் அத்தானை உடனே அடையாளம் கண்டுகொண்டார். முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்து, அக்காவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வாங்கம்மா. பையனைக் கூட்டிட்டு வரலையா? பரீட்சை எப்படி எழுதியிருக்கான்?"

அக்கா சண்டைக்கென்று திறந்த வாய் அப்படியே நின்றது. அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையில் எதையோ தேடுவது போலக் குனிந்திருந்தார். அந்தத் தலையை நான் ஒருநாளும் அவ்வளவு கீழே பார்த்ததில்லை. செத்துவிடலாம் போல் இருந்திருக்கும் அவருக்கு. பக்கத்தில் நின்ற எனக்கே அப்படித்தான் இருந்தது. அக்காவுக்கு எவ்வளவு புரிந்தது, எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா எழுதியிருக்கான்," என்றாள். "இனிமே கார்டு போட்டுக் குடுங்க."

கடைக்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பையன் என்று பாராட்டி, கேபினெட்டில் அடங்குகிற அளவில் ஒரு கார்டை எடுத்து, பையனுக்காக விலையும் குறைத்தார். அக்கா எண்ணி வைத்தாள். பேரம் பேசவில்லை, அவள் பேரம் பேசாமல் ஒரு சாமான் வாங்கி நான் பார்த்தது அன்றுதான்.

வேனில் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கார்டு டப்பா அக்கா மடியில் இருந்தது. திட்டிவிட்டால் தேவலை என்று அத்தான் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு ஓட்டினேன். சிக்னலில் நின்றபோது அக்கா டப்பாவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன பேரு சொன்னீங்க அவனுக்கு?"

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேரு அவர் கேக்கலை."

அக்கா தலையாட்டினாள். பச்சை விழுந்தது. வண்டியை எடுத்த பிறகுதான் சொன்னாள், என்னிடம் இல்லை, அவரிடமும் இல்லை.

"நான் ஒண்ணு வச்சிருந்தேன்."

அத்தான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.