தமிழ் விளங்காத அரைமணி நேரம்

இன்று வேலையிடத்துச் சுவிஸ்கார நண்பர்கள் இருவருடன் யூரா மலையின் சுண்ணாம்புக்கல் மேட்டில், சரளைப் பாதையில் சைக்கிள் ஓட்டினேன். பிறகு ஆறு பாறையை அறுத்து ஓடும் இடுக்குக்கு இறங்கினோம்.

அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் கோழி வாட்டிக்கொண்டிருந்தது. அவர்களுடைய பாட்டு பாறையில் மோதித் திரும்பியது.

"இவர்கள் காட்டையும் விட்டுவைக்க மாட்டார்கள்," என்றான் நண்பர்களில் ஒருவன். மற்றவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

நெருப்பருகே நின்ற அண்ணை என்னைப் பார்த்தார்.

"தம்பி தமிழோ? வாங்கோ, சாப்பிட்டுட்டுப் போங்கோ."

விளங்காதவன் போல விழித்துவிட்டு, டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், வணக்கம் சொன்னேன். இனவெறி பற்றி வாரந்தவறாமல் இந்தப் பக்கத்தில் எழுதிக் கிழிக்கும் அதே நான்தான்.

அவர் நல்ல டொச்சில் மன்னிப்புக் கேட்டார். மூவருக்கும் ரோல்ஸ் கொடுத்தார். காட்டைப் பற்றிக் கவலைப்பட்டவன் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றான்.

புறப்படும்போது அண்ணை என் பக்கத்தில் வந்து, மெல்லச் சொன்னார்:

"இப்பதான் முகம் பிடிபட்டது. உங்கட அம்மாவைத் திரிம்பாக் கோயில்ல காணுறனான். சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ."

"ஓம்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். திட்டுவதென்றால் தமிழிலேயே திட்டுங்கள். எனக்கு விளங்கும்.