புறநிழல் விழுந்த நாள்

சூரிய கிரகணத்தன்று எனக்கு ஒன்பது வயது. வண்ணார்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். அப்பா களக்காட்டில் அறிவியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுவார். வேலை அங்கே இருப்பதால் அப்படி என்று நம்பியிருந்தேன்.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மாவுக்கு ஆபீஸ் உண்டு. கீழ்வீட்டார் சன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். மொட்டைமாடியில் நான் மட்டும் காத்திருந்தேன். அப்பா சொன்னபடி வந்தார். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் ஊசியால் துளை போட்டு வெயிலில் பிடித்தார். ஓரம் கடித்த தோசை மாதிரி குட்டிச் சூரியன் தரையில் விழுந்தது.

"ஏட்டி, முழு நிழலு எங்கயோ கடலு மேல போவுது. நம்ம மேல விழுதது புறநிழல். அதான் இருட்டல, வெயிலு மட்டும் மங்குது."

"முழுசா ஏன் நம்ம ஊருக்கு வரல?"

அவர் பதில் சொல்வதற்குள் செல்போன் அடித்தது. "அப்பா, எங்க இருக்கீய? தொடங்கிட்டு!" என்று ஒரு சின்னப் பிள்ளையின் குரல் எனக்கே கேட்டது.

அப்பா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனார். "வந்துருதேன் கண்ணு. வெறுங்கண்ணால பாக்காத" என்றார். திரும்பி வந்து பத்திரிகையை என் கையில் கொடுத்தார். "பைய இறங்கி வீட்டுக்குள்ள போ, என்ன?"

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை வரை கேட்டது. சூரியன் பாதியாகக் குறைந்தபோது வெயில் சுடவே இல்லை. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது. தெருவில் ஒருவரும் இல்லை.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "அப்பா வந்தாகளா?"

வந்தார் என்றால் எப்போது போனார், ஏன் போனார் என்று கேட்பாள். அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். "வரல" என்றேன்.

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் போன் போட்டாள். "புள்ளைக்காக ஒரு நாளு வாங்கன்னு கெஞ்சினேன். அதுகூட முடியலையோ உங்களுக்கு? இனிமே ஞாயித்துக்கிழமையும் வர வேண்டாம்."

இதோ சொல்லப்போகிறார், மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று கதவோரம் நின்றேன். அம்மா கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு கீழே வைத்தாள். என்னைத் திட்டவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பொய் பிடிபடாமல் தப்பியது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. 'நான் வந்தேனே' என்ற இரண்டு வார்த்தையை அவர் ஏன் சொல்லவில்லை, அது எனக்காகவா, அந்தப் பிள்ளைக்காகவா என்று கேட்டுக்கொள்ள அப்போது எனக்குத் தெரியவில்லை.