அத்தை கழுவிய பால் கேன்

கேஸை மூடினேனா என்று நாலு தடவை பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு ஒரு பெயர் உண்டு, மாத்திரை உண்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஊரறியச் சொல்கிறேன். எழுபதுகளில், மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில், எங்கள் அத்தைக்கு இதைச் சொல்ல நாதியில்லை. சுத்தக்காரி என்று பெயர் வைத்து அத்தோடு விட்டுவிட்டார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தாள். அப்பா பால் கறப்பார். கேனைக் கழுவிப் பாலை ஊற்றி, பால் சொசைட்டிக்குக் கொண்டுபோவது அத்தையின் வேலை. துணைக்கு எட்டு வயது நான். கழுவுவது என்றால் சும்மா கழுவுவதா! சாம்பல் போட்டு ஏழு தடவை. நடுவில் ஒரு காக்கா கத்தினால் போதும், எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி ஒன்றிலிருந்து. "ஆறு ஆச்சு அத்தை" என்று நான் எடுத்துக்கொடுத்தால் நம்பமாட்டாள். பல்லி விழுந்திருக்குமோ, பாலைக் குடித்து எந்த வீட்டுக் குழந்தையாவது செத்துப்போகுமோ என்று முணுமுணுப்பாள். சில நாள் கழுவிக்கொண்டே அழுவாள். யாராவது வரும் சத்தம் கேட்டால் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

"ஏம்மிணி, கேனு தேஞ்சு ஓட்டையாயிரும்" என்பார் அப்பா.

கழுவிய கேனைத் துடைக்கவும் மாட்டாள்; துணியில் என்ன அழுக்கோ! கவிழ்க்கவும் மாட்டாள், தரையில் என்ன எச்சமோ! தூசி விழுவதற்குள், உள்ளே தேங்கிய தண்ணீரோடு பாலை ஊற்றி மூடிவிடுவாள்.

சொசைட்டியில் செக்ரட்டரி, தண்ணீர் கலந்த பாலைக் கண்டுபிடிக்கும் மானியை எங்கள் பாலில் விட்டார். கோட்டைத் தாண்டி முங்கியது. மறுநாளும் முங்கியது. மூன்றாம் நாள், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"ஏனம்மிணி, பால்ல தண்ணி ஊத்தறியா? உங்கண்ணன் கார்டை ரத்து பண்ணிப்போட்டா ஊட்டுல அடுப்பெரியுமா?"

கார்டு போனால் பால் கொடுக்க வேறு இடமில்லை. ஊரிலேயே சுத்தமான கேனுக்கு வந்த கதியைப் பாருங்கள்! அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் அத்தையா திருடி?

"அத்தை தண்ணி கலக்கலீங்க!" என்று கத்தினேன். "ஏழு வாட்டி கேனைக் கழுவுவாங்க. எண்ணிக்கை தப்பிப்போனா அழுவாங்க, மறுபடி மொதல்லிருந்து கழுவுவாங்க. தொடைக்கவே மாட்டாங்க. வேணும்னா நாளைக்கு ஊட்டுக்கு வந்து பாருங்க!"

"அம்மிணி, சும்மாரு" என்று அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

நான் விடுவேனா, பாவி! கேனைத் தேய்ப்பதையும் முணுமுணுப்பதையும் மூக்கை உறிஞ்சி அழுவதையும் நடித்தே காட்டினேன். சொசைட்டியே குலுங்கியது. செக்ரட்டரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "நாளையிலிருந்து தொடச்சுக் கொண்டாங்க" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் நின்ற ஒருத்தி, "எங்கூட்டுப் போசியையும் கழுவித் தாறியா?" என்று அத்தையைக் கேட்டாள். அதற்கு இன்னொரு சிரிப்பு.

திரும்பும்போது என் நடையே வேறு. கார்டைக் காப்பாற்றியவள் அல்லவா! அத்தை வாய்க்கால் பாலம் வரை விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். அங்கே நின்று சொன்னாள்.

"தண்ணி ஊத்துனேன்னு ஒத்துக்கலாம்னு இருந்தேன் கண்ணு. அதுக்குள்ள நான் அழுவறதை நீ சொல்லிப்போட்டியே."

அதற்குப் பிறகு அத்தை சொசைட்டிப் பக்கமே வரவில்லை. செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள நின்ற அத்தையை நினைத்து நினைத்து எனக்குச் சிரிப்பு. இப்படியும் ஒரு மக்கு இருப்பாளா என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. இவ்வளவு நல்ல வேடிக்கைக்கு ஏன் சிரிக்கவில்லை என்று அவளிடம் கோபித்துக்கொண்டேன்.