பெயர் கொடுத்த சனிக்கிழமை

கஞ்சி போட்ட வெள்ளைத் துணியின் மேல் கரி இஸ்திரிப் பெட்டி நகரும்போது லேசாகக் கருகிய சோற்று வாசனை ஒன்று எழும்பும். எனக்குச் சனிக்கிழமை என்றால் இன்றும் அந்த வாசனைதான். உள்ளே அம்மா மறுநாளைக்கு அப்பாவின் அங்கியைத் தேய்த்துக்கொண்டிருப்பார், முன்னறையில் அப்பா நீளமான ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வில்லியனூர் பக்கம், உறுவையாற்றை ஒட்டிய ஒரு சின்ன லுத்தரன் சபைக்கு அவர் போதகர். சுற்றிலும் நெல்லும் கரும்பும், நடுவில் கத்தோலிக்கரின் பெரிய கோயில், ஓரமாக முப்பது குடும்பத்துக்கு எங்கள் ஓட்டுக் கோயில். "உங்க சாமியாருக்குப் பொண்டாட்டி புள்ளலாம் இருக்குதாமே?" என்று கத்தோலிக்கப் பிள்ளைகள் பள்ளியில் என்னிடமே விசாரிப்பார்கள், அந்தப் பிள்ளை நான்தான் என்பது அவர்களுக்கு எப்போதும் புதுச் செய்தி. எங்கள் சபை வழக்கத்தில் போதகருக்கு "ஐயர்" என்று பெயர். மீன்காரம்மா தெருமுனையிலிருந்தே "ஐயர் வூட்டுக்கு நெத்திலி எடுத்தாந்துருக்கேன்" என்று கூவிக்கொண்டு வருவார், ஊருக்குப் புதியவர்கள் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை. பீடத்தின் முன் வரிசையாக முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவதை நாங்கள் "பந்தி" என்போம். பந்தியில் சேர வேண்டுமானால் முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் "குருமனை"க்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, வந்து பெயர் கொடுக்க வேண்டும். அப்பா எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "யார்கிட்டயாவது மனஸ்தாபம் இருக்கா?" இருந்தால் பெயர் ஏறாது, போய்ச் சமாதானமாகிவிட்டுத்தான் வரவேண்டும். கோயில் வேலைகளில் அவருக்கு வலக்கையாக இருந்த உபதேசியார் ஆறு மணிக்கு மணி அடித்ததும், கடைசிப் பெயருக்கு அடியில் அப்பா அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுப்பார். "கோட்டுக்குக் கீழ ஒண்ணும் எழுதக்கூடாது" என்பது எனக்கும் தம்பிக்கும் பதினோராவது கட்டளை.

எங்கள் சபையைச் சேர்ந்த எஸ்தர் அக்கா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மாமியாரோடு பேச்சு முறிந்து, தனிக்குடித்தனம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருடமும் அவர் பந்திக்கு வரவில்லை, வரவும் முடியாது. அப்பா தன் பழைய மொபெட்டில் இரண்டு வீட்டுக்கும் அலையாய் அலைந்து, அந்த வாரம்தான் மாமியாரையும் மருமகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்திருந்தார்.

சனிக்கிழமை கோடு போட்ட கையோடு அப்பா ஒரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கம்பெனி வேனிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, எஸ்தர் அக்கா வந்து நின்றார்.

"பாப்பா, வேன் லேட்டாயிடுச்சி. எம் பேர எழுதிடு, இன்னா?"

"சரிக்கா" என்றேன். எனக்குப் பதினோரு வயது. நோட்டில் அந்தக் கோடு இருந்தது. அதைத் தாண்டி எழுதினால் அப்பா என்ன செய்வாரோ? அப்படியே நோட்டை மூடிவிட்டேன். அப்பா திரும்பி வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. கோடு போட்ட பின் வந்த பெயரைச் சொல்வதும் தப்புத்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

மறுநாள் முதல் பந்தியிலேயே எஸ்தர் அக்கா மாமியாரின் பக்கத்தில் முழங்காலிட்டார். அப்பா தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக வந்தார். மாமியாரின் கையில் அப்பத்தை வைத்தார். அடுத்து எஸ்தர் அக்கா இரண்டு கைகளையும் ஏந்தியிருந்தார். அப்பா அங்கே கொஞ்சம் தயங்கினார், பிறகு அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டார். முன்பாயில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தி முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் எஸ்தர் அக்கா ஏந்திய கையை இறக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் "ஐயர் ஒதுக்கிட்டாருடி" என்று யாரோ சொன்னது எனக்கே கேட்டது, அக்காவுக்குக் கேட்டிருக்காதா?

புதன்கிழமை வரை சோறு இறங்கவில்லை. அன்று, அடிப்பார் என்று கையை நீட்டியபடியே அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "பேர் வரலையே, மறுபடி சண்டை மூண்டுடுச்சாக்கும்னு நெனச்சிட்டேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். நீட்டிய என் கையை அவரே இறக்கிவிட்டார். அதன் பின் மூன்று தரம் எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போனார்; இரண்டு தரம் பூட்டியிருந்தது. மூன்றாம் தரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் ஆராதனையில் சபையார் பாவ அறிக்கை செய்வார்கள், போதகர் நின்றுகொண்டு மன்னிப்பைக் கூறுவார். அந்த ஞாயிறு எல்லாரும் அறிக்கையைச் சொல்லி முடித்துக் காத்திருந்தோம். அப்பா மன்னிப்பைக் கூறவில்லை. பீடத்தின் படியிறங்கிப் பெண்கள் பக்கம் வந்து, அம்மா தேய்த்த அங்கியோடு சிமெண்டுத் தரையில், எஸ்தர் அக்காவின் முன்னால் முழங்கால் போட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பாவை அவ்வளவு குட்டையாக நான் பார்த்ததே இல்லை.

"இந்தச் சகோதரியைக் காரணமில்லாம பந்தியிலேர்ந்து தள்ளிட்டேன். அது என் பாவம். அதுக்கு நீங்கதான் எனக்கு மன்னிப்புச் சொல்லணும்."

என் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

உபதேசியார் பதறிப்போய் ஓடிவந்தார். "ஐயரே, எழுந்திருங்க. சபையார் ஐயருக்கு மன்னிப்பு சொல்றது இன்னா முறை?"

"முறைதான். எந்த விசுவாசி சொன்னாலும் அது ஆண்டவரோட மன்னிப்புதான். அதைத்தானே உங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்?" என்றார் அப்பா. எழுந்திருக்கவில்லை.

"அந்த வசனம் எனக்கு வராது, ஐயரே. நீங்க அத வேகமா சொல்லிடுவீங்க" என்றார் எஸ்தர் அக்கா. பிறகு, "மன்னிச்சிட்டேன். எழுந்திருங்க, முட்டி வலிக்கப் போவுது" என்றார். அப்போதே நற்கருணை கொடுக்கிறேன் என்று அப்பா எழுந்தார். அக்கா தலையை அசைத்தார். "இன்னிக்கு வாணாம். அடுத்த மாசம் எல்லாரோடயும் வரேன்."

சொன்னபடி வந்தார். அதற்கப்புறம் அப்பா கோடு போட்டதில்லை.

போன வருடம் அப்பா இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்திருந்த எஸ்தர் அக்காவைக் கல்லறைத் தோட்டத்தில் தனியாகப் பிடித்து, இத்தனை வருடமாக என்னை அறுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

"தெரியுமே பாப்பா" என்றார். "நான் செருப்பு மாட்டும்போதே நீ நோட்ட மூடிட்டியே. பேனாவையே தொடல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமாக்கா பந்திக்கு வந்தீங்க?"

"எங்கள ராசியாக்கினதே அவருதான? நோட்டுல பேரு இல்லன்னா இன்னா, மூஞ்சியப் பாத்தா தெரியாதா, சண்ட இல்லன்னு. எம் மூஞ்சியப் பாப்பாருன்னு நெனச்சேன்."

இப்போது அந்தச் சபையில் பெயர் கொடுக்கும் வழக்கம் இல்லை. நோட்டு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. போன மாதம் நானும் பந்தியில் முழங்காலிட்டேன். புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் என் கையில் அப்பத்தை வைத்தார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண் அதற்குள் பக்கத்துக் கைக்குப் போயிருந்தது. தம்பியோடு நான் பேசி இரண்டு வருடமாகிறது. யாரும் கேட்கவில்லை, நானும் வாங்கிக்கொண்டு எழுந்துவந்தேன்.