பால் பொங்கிய கேரவன்

அல் கூஸ் ஒர்க்ஷாப்பில் துருப்பிடித்துக் கிடந்த பழைய கேரவனை வாங்கி, லீவு நாளெல்லாம் நானும் கணவரும் சரிசெய்தோம்.

"சக்கரம் வச்ச வீட்டுக்கெல்லாம் பால் காய்ச்சுவாங்களா?" என்று சிரித்தார்.

"எனக்கு இதுதான் முதல் சொந்த வீடு. காய்ச்சியே தீருவேன்."

பாலைவனத்தில் முதல் காலை. பால் நுரைத்து எழும்போது, பக்கத்துக் கூடாரத்து அரபுப் பெண் பதறி ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் முட்டியது.

"புது வீடு, பொங்கணும்" என்று தெரிந்த அரபியில் சொன்னேன். உடனே அவரே அடுப்பைப் பற்றவைத்தார். பால் வழிந்ததும், "மப்ரூக்!" என்று வாழ்த்தினார்.

துடைக்கத் துணி எடுத்தபோதுதான் உறைத்தது. இத்தனை வருட வாடகை ரூம்களில், அடுத்தவர் அடுப்பாயிற்றே என்று ஒருமுறைகூட நான் பாலைப் பொங்கவிட்டதில்லை.

துணியைக் கீழே வைத்தேன். கறை கிடக்கட்டும்.