ஜோல்தோஷ் கொடுத்த தைரியம்

நாரின் நகரத்துக்கு மேலே, குதிரை மட்டுமே ஏறக்கூடிய மலையில் இருந்த எல்லைக் காவல் முகாமில் ஜோல்தோஷ் ஒன்பது வருடம் சார்ஜென்டாக இருந்தான். பத்தொன்பது வயதில் அவன் பட்டாளத்துக்கு வந்தபோது, மூத்தவர்கள் அவன் ரொட்டியைப் பிடுங்கித் தின்றார்கள். காலுறையைத் துவைக்க வைத்தார்கள். தன் கைக்குக் கீழ் வருகிற எவனும் அப்படிக் கூனிக் குறுகி நிற்கக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

கடைசி வருட இலையுதிர்காலத்தில் புதிதாக வந்தவன் அர்சென். தலைநகர் பிஷ்கெக்கில் அடுக்குமாடி வீட்டில் அம்மாவோடு மட்டும் வளர்ந்தவன். குதிரையைக் கண்டால் நடுங்குவான். பேர் கேட்டால் உதடு அசையும், சத்தம் வராது.

"இவனைச் சமையல்கட்டுக்கு அனுப்பிடு. பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்கல, பனியில என்னத்தக் கத்துவான்?" என்றார் கேப்டன்.

"ரெண்டு மாசம் எங்கிட்ட விடுங்க சார்."

மறுநாளிலிருந்து ஜோல்தோஷ் முகாமை ஒட்டி ஓடும் ஆற்றின் அந்தக் கரையில் நிற்பான். இந்தக் கரையிலிருந்து அர்சென் தன் பேரைச் சொல்ல வேண்டும். ஆறு பெரும் இரைச்சலோடு ஓடும்.

"ஆத்துக்கிட்ட சொல்றியா, எங்கிட்ட சொல்றியா? கேக்கலடா!"

மூன்று வாரம் இதே கூத்து. ஒருநாள் அர்செனுக்குப் பொறுக்கவில்லை.

"அர்சென்! அர்சென்! காது என்ன செவிடா உங்களுக்கு?"

சொன்ன மாத்திரத்தில் வெலவெலத்துப் போனான். ஜோல்தோஷ் பாறையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இப்பத்தான்டா கேட்டுது!"

அர்சென் குதிரையிலிருந்து விழுந்தால் ஜோல்தோஷ் ஒருபோதும் கைகொடுத்துத் தூக்கியதில்லை. "எந்திரி. குதிரைக்கே வெக்கமா இருக்கு பாரு," என்பான். அர்சென் எழுந்து ஏறுவான். பனி கொட்டத் தொடங்கியபோது ரோந்தில் முன்னால் போகிறவனாகவே ஆகிவிட்டான். சார்ஜென்ட் என்று கூப்பிட்டவன் அண்ணே என்று கூப்பிடத் தொடங்கியதும் அப்போதுதான்.

பிப்ரவரியில் ஜோல்தோஷ் நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டான். அன்று கணவாய் வரை மூவர் ரோந்து போய் வர வேண்டும்.

"நீங்க படுங்க அண்ணே. முன்னால நான் போறேன். வழி எனக்கு அத்துப்படி."

ஜோல்தோஷ் ஜன்னல் வழியே பார்த்தான். இரண்டு நாளாக விழுந்த புதுப்பனி இன்னும் இறுகாமல் கிடந்தது. ஒருநாள் பொறுத்துப் போகலாம் என்று கேப்டனிடம் சொல்லத்தான் நினைத்தான். ஆனால் பையனின் முகம் அப்படி மலர்ந்திருந்தது. இப்போது தடுத்தால் பழையபடி ஒடுங்கிவிடுவானோ என்று பட்டது.

"போய்ட்டு வாடா. உன்னால முடியும்."

கணவாய்க்குக் கீழே சரிவில் பனி பெயர்ந்தது. கடைசியாக வந்தவனைக் குதிரையோடு இழுத்துப் போனது. அர்சென் மற்றவனை முகாமுக்கு விரட்டிவிட்டுத் தான் கீழே இறங்கினான். கையாலேயே தோண்டி, புதைந்தவனை வெளியே இழுத்துப் போட்டான். அதற்குள் மேலேயிருந்து இரண்டாவது பனிச்சரிவு வந்து அர்செனை மூடியது. அர்சென் இழுத்துப் போட்டதால் பிழைத்தவன் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். காய்ச்சலோடு ஏறிப் போய் மண்வாரியால் தோண்டியவர்களில் ஜோல்தோஷும் ஒருவன். மறுநாள் மதியம் அர்செனின் கையுறை தென்பட்டது.

பிஷ்கெக்கில் அடுக்குமாடியின் முற்றத்தில் துக்கக் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆண்கள் வாய்விட்டு அழுதுகொண்டே வந்து சேர்வது அங்கே வழக்கம். ஜோல்தோஷ் கதறியதில் வழக்கம் எதுவும் இல்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு அர்செனின் அம்மா சைரா அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ஜோல்தோஷ் நீங்கதானா? ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா உங்க பேச்சுத்தான். 'அம்மா, நான் இப்ப யாருக்கும் பயப்படறதில்ல'ன்னு சொன்னான்."

"ஆமாங்க அம்மா."

"சின்னதுலேருந்து அவன் பயந்த பிள்ளை. அது எனக்குத் தெரியும். பயந்துட்டே இருந்திருந்தா மேலயே நின்னிருப்பான். வீட்டுக்கு வந்திருப்பான்." அவள் குரல் உயரவில்லை. "அதை ஏன்பா அவங்கிட்டேருந்து எடுத்தீங்க?"

பிழைத்த பையன் வாசலில்தான் நின்றிருந்தான். அவனைக் காட்டிப் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு தாயிடம் அதை எப்படிச் சொல்வது? அவள் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி ஜோல்தோஷின் கையில் வைத்தாள்.

"தூரமாப் போகணும். வழியில சாப்பிடுங்க."

அந்த ரொட்டியை அவன் பேருந்தில் மடியிலேயே வைத்திருந்தான்.

அந்த வருட இலையுதிர்காலத்தில் அவனுடைய பட்டாள ஒப்பந்தம் முடிந்தது. கையெழுத்துப் போடச் சொல்லிக் கேப்டன் புது ஒப்பந்தத்தை நீட்டினார்.

"உன்னாலதான் அந்த இன்னொரு பையன் உயிரோட இருக்கான். அதை நெனச்சுப் பாரு."

"தினமும் நெனைக்கிறேன் சார். அந்த அம்மா கேட்டதுக்கு அது பதில் ஆகல."

இப்போது அவன் நாரினில் வேன் ஓட்டுகிறான். போன கோடையில் மகள் அய்பெரி சைக்கிள் பழகினாள். ஜோல்தோஷ் இருக்கையைப் பிடித்தபடி பின்னால் ஓடினான்.

"விடுங்கப்பா! எனக்கு வருது! விடுங்கன்னா!"

அவளுக்கு நன்றாகவே வந்தது. தெருவே பார்த்துச் சிரித்தது. தெருமுனை வரை ஓடினான். மூச்சு வாங்கியது. கையை மட்டும் எடுக்க முடியவில்லை.