ஸ்ரேடியத்து மாப்பிள்ளை

தொண்ணூறுகளின்ர நடுவில, கனடாவில, மல்வேர்னில அண்ணையின்ர அப்பார்ட்மென்டில இருக்கேக்கதான் எனக்கு டென்மார்க்கில இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கடிதத்தோட ஒரு படமும் வந்தது. சின்னக் கால்பந்துக் கழகம் ஒண்டின்ர ஸ்ரேடியம், அதுக்குள்ள மாப்பிள்ளை நிக்கிறார். "ஸ்ரேடியத்தில பொறுப்பான வேலையாம்" எண்டு அண்ணை பெருமையாச் சொன்னார்.

எனக்கு ஒருதரையும் லேசில நம்புற குணம் இல்லை. என்னோட பாக்டரியில நிண்ட ஒருத்திக்கு ஜெர்மனியில ஹோட்டல் முதலாளி எண்டு பேசி, போய்ப் பார்த்தால் ஆள் அங்க கோப்பை கழுவுறார். அதால படத்தை ஜன்னலடியில வைச்சு ஆராய்ஞ்சன். படம் ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்தது. மாப்பிள்ளை ஓரத்தில ஒட்டிக்கொண்டு நிக்க, மிச்சம் முழுக்க வெறும் புல்லு.

"ஆருக்கு இடம் விட்டு நிக்கிறார்? படம் எடுத்தது ஆர்?" எண்டு கேட்டன்.

"உனக்கு விசர்" எண்டார் அண்ணை.

எங்கட ஆக்களின்ர வழக்கப்படி விசாரிப்புத் தொடங்கினது. அண்ணை டென்மார்க்கில இருக்கிற ஊராக்கள் மூண்டு பேருக்குப் போன் எடுத்தார். மூண்டு பேரும் "தங்கமான பொடியன்" எண்டிச்சினம். சொல்லி வைச்ச மாதிரி எல்லோ கிடக்கு! எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிச்சுது. "ஸ்ரேடியத்தை வீடியோ எடுத்து அனுப்பட்டும், பிறகு பாப்பம்" எண்டன்.

அண்ணி தலையில கை வைச்சா. "இப்பிடிக் கிண்டிக்கொண்டிருந்தால் கடைசிவரை குமராத்தான் இருப்பாய்."

எனக்கு முப்பத்தொரு வயது. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆளை மாறிக் கட்டிப்போட்டு அழுகிறதை நினைக்க அதைவிடப் பயம்.

கசற் வந்தது. ஐரோப்பாக் கசற் இஞ்சத்த டெக்கில ஓடாது. தமிழ்க் கடையில குடுத்து மாத்தி எடுத்தம். ஸ்ரேடியமாம் ஸ்ரேடியம்! ஒரு பக்கம் கூரை, அதுக்குக் கீழ நாலு வரிசை மரவாங்கு. மற்றப் பக்கம் வேலி. "நான்தான் இஞ்ச புல்லு வெட்டிக் கோடு போடுறனான், உடுப்பு மாத்துற அறையும் கழுவுறனான்" எண்டார் மாப்பிள்ளை. அண்ணையின்ர முகம் கறுத்துப் போச்சு. எனக்கு அது பரவாயில்லை, ஆள் பொய் சொல்லேல்லை. நான் தேடினது கமரா பிடிச்ச ஆளைத்தான். ஒரு இருமல், ஒரு நிழல் அம்பிடாதோ? கமரா அசையவே இல்லை. அவர் கதைச்சுக்கொண்டே படத்தின்ர ஓரத்தால வெளியில போவார், பிறகு திரும்பி வருவார். 'பிடிக்கத் தெரியாதவளாய்க் கிடக்கு' எண்டு மனசுக்க திட்டினன்.

கடைசியில தூரத்துக் கோல் கம்பத்தடியில நிண்டு கை காட்டினார். பிறகு ஓடத் தொடங்கினார். முழு மைதானத்தையும் கடந்து, ஈரப் புல்லில சறுக்கி, மூச்சு வாங்க வாங்கக் கிட்ட வந்து கமராவைத் தூக்கினார். படம் ஒருக்கா ஆடி, அது இருந்த வாங்கைக் காட்டி நிண்டது. அங்க வேற ஒருதரும் இல்லை. அந்தச் சரிஞ்ச படத்துக்கும் கமராவைத் தானா எடுக்க வைச்சுப்போட்டு இப்பிடித்தான் ஓடிப்போய், ஓரம் மட்டுந்தான் எட்டியிருக்க வேணும்.

எனக்கு வெக்கமாய் இருந்தது.

"என்ன, வேண்டாம் எண்டு சொல்லவோ?" அண்ணை கேட்டார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ. இனிக் கமராவை நான் பிடிக்கிறன்."